ஆமைகள் கரையேறும் மாதங்களில் கடற்கரை விடுமுறை

பொங்கல் விடுமுறைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசைகட்டும் அதே வாரங்களில்தான் பங்குனி ஆமைகள் சோழமண்டலக் கரையில் முட்டையிட ஏறத் தொடங்குகின்றன. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரத்து உச்சத்தைத் தொடும். பள்ளித் தேர்வுகள் முடிந்து குடும்பங்கள் மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் தரங்கம்பாடிக்கும் கிளம்பும்போது, கடைசிக் கூடுகளில் பொரிந்த குஞ்சுகள் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். நம் விடுமுறையும் ஆமைகளின் இனப்பெருக்கமும் ஒரே மணலில், ஒரே மாதங்களில் வந்து சேர்கின்றன.

இதை எப்படிக் கையாள்வது என்பதில் கருத்துகள் பலவாறாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆமை முட்டையிடுவதை மனிதர் பார்க்கவே கூடாது என்பவர்கள் உண்டு. பார்த்தவர்களுக்குத்தான் காக்கும் எண்ணம் வரும் என்பவர்கள் உண்டு. சுற்றுலா வருமானம் இல்லாவிட்டால் கரையோர ஊர்கள் எதற்காக முட்டைகளைக் காவல்காக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் உலகின் பல கரைகள் இந்த வழிகளையெல்லாம் நடைமுறையில் செய்து பார்த்துவிட்டன. அவற்றின் விளைவுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. இரவுதோறும் கரையைக் காப்பவர்களின் சொல்லுக்குப் பயணி கட்டுப்பட்ட இடங்களில் ஆமைகளுக்கு நன்மை நடந்திருக்கிறது. பயணியின் ஆசைக்குக் கரையை விட்டுக்கொடுத்த இடங்களில் ஆமைகள் இழந்திருக்கின்றன. அடுத்தது, ஆமைக்குப் பக்கத்தில் நாம் நிற்கும் அரைமணி நேரத்தைவிட, நாம் தங்கும் விடுதியின் விளக்கும் நம் தட்டுக்கு வரும் இறாலும் அதன் வாழ்வை அதிகம் தீர்மானிக்கின்றன.

மணலில் நடப்பது என்ன?

உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இந்தியக் கடல்களில் உண்டு: சிற்றாமை என்றும் பங்குனி ஆமை என்றும் அழைக்கப்படும் ஆலிவ் ரிட்லி, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கரையில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் பங்குனி ஆமைதான். முதிர்ந்த பெண் ஆமையின் ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் நீளமிருக்கும். எடை 35 முதல் 45 கிலோ. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்திலும் இவை சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் திரண்டு கரையேறும். 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிடப்பட்டது. தமிழகக் கரையின் வழக்கம் வேறு. இங்கே அவை தனித்தனியாக வருகின்றன. பல கிலோமீட்டர் கரையில் ஓர் இரவுக்கு ஒன்றோ இரண்டோ ஏறும். ஒன்றும் ஏறாத இரவுகளும் ஏராளம். அதனாலேயே இங்கு ஓர் ஆமையைத் திருப்பி அனுப்புவது அன்றைய இரவின் வரத்து முழுவதையும் திருப்பி அனுப்புவதாக ஆகிவிடலாம்.

கரையேறும் பெண் ஆமை முதலில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கும். அலை வாயிலிருந்து மேட்டை நோக்கி ஊர்ந்து வரும் அந்த நிமிடங்களில் ஒரு கைவிளக்கின் ஒளியோ, நடமாடும் நிழலோ, நாயோ எதிர்ப்பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஓதம் எட்டாத உயரத்துக்கு வந்த பிறகு பின்துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழியைத் தோண்டும். தோண்டும்போதும் தொந்தரவு நேர்ந்தால் விட்டுவிட்டுப் போகக்கூடும். முட்டைகள் விழத் தொடங்கியதும் அதன் நிலை மாறுகிறது. 100 முதல் 120 முட்டைகள் வரை இட்டு முடிக்கும்வரை சுற்றியுள்ளவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. பிறகு மணலை மூடி, உடலை இடமும் வலமுமாகச் சாய்த்து மாரால் மண்ணை இறுக்கி, மேலே மணலை வாரி இறைத்துத் தடம் கலைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறி இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன் கண்ணில் வழியும் நீர், உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியிலிருந்து வருவது.

வழிகாட்டிகள் எல்லா நாடுகளிலும் ஒரே விதியைச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒழுங்குதான். ஆமை கரையேறும்போதும் குழி தோண்டும்போதும் தொலைவில், இருளில், அசையாமல் இருக்க வேண்டும். முட்டையிடத் தொடங்கியதும், அழைத்துப்போகிறவர் சொன்னால் மட்டும், பின்பக்கமாக நெருங்கலாம். தலைப் பக்கம் போகக்கூடாது. திரும்பிச் செல்லும்போது அதற்கும் கடலுக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது.

கூடு அமையும் இடமும் கவனத்துக்குரியது. அகநானூற்றின் 160ஆம் பாட்டு, சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடியைச் சிதைத்து வெண்மணல் மேட்டில் முட்டை புதைப்பதைச் சொல்கிறது. இன்றும் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டின் அடிவாரத்தில்தான் ஆமைகள் தோண்டுகின்றன. அந்த மேட்டைச் சமன்செய்து, கொடிகளைப் பிடுங்கி, புல்வெளியும் சாய்வு நாற்காலியும் போடுவதைத்தான் பல விடுதிகள் அழகுபடுத்துவது என்று நினைக்கின்றன.

முட்டைகள் 45 முதல் 60 நாட்களில் பொரிகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவுசெய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் சூடேற ஏறப் பெண்கள் மிகும். குறைந்தால் ஆண்கள் மிகும். மேல்மணல் குளிர்ந்த இரவு வேளையில் குஞ்சுகள் கூட்டமாக வெளிவந்து, தாழ்வான அடிவானில் எந்தப் பக்கம் வெளிச்சம் மிகுதியோ அந்தப் பக்கம் ஓடுகின்றன. மனிதர் குடியேறாத கரையில் அந்த வெளிச்சம் கடல்தான். கடலில் இறங்கியதும் ஒரு நாள் அளவுக்கு ஓயாமல் நீந்தி ஆழ்கடலை எட்ட முயல்கின்றன. அதற்கான ஆற்றலை முட்டையில் மீந்த மஞ்சட்கரு தருகிறது. பொரிந்த குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பருவமடையும் என்பது பொதுவான மதிப்பீடு. இவ்வளவு குறுகிய வாய்ப்புள்ள உயிரின் முதல் சில மணி நேரத்தை வீணாக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

கூட்டம் ஆண்ட கரைகள்

மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் ரந்தாவ் அபாங் என்றொரு கரை. முதுகில் நீளவாட்டில் வரம்புகள் ஓடும் ஏழுவரி ஆமை, கடலாமைகளிலேயே பெரியது, அங்கே 1950களில் ஆண்டுக்கு 10,000 கூடுகளுக்கு மேல் வைத்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அந்த ஊர் உலகப் புகழ்பெற்ற சுற்றுலாத் தலமானது. இரவில் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் கைவிளக்கு அடித்தார்கள், கரையில் தீமூட்டினார்கள், ஆமையின் துடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், முதுகில் ஏறி உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டார்கள். இந்த நூற்றாண்டு பிறந்தபோது அந்தக் கரைக்கு ஏழுவரி ஆமை வருவதே அரிதாகிவிட்டது. இந்த அழிவுக்குச் சுற்றுலாவை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. பல பத்தாண்டுகள் ஏறத்தாழ எல்லா முட்டைகளும் விற்பனைக்காக எடுக்கப்பட்டன. பெரிய ஆமைகள் கடலில் வலைகளில் சிக்கி மடிந்தன. ஆனாலும் அங்கே வந்து குவிந்த கூட்டம் அழிவைத் தடுக்க ஒரு விரலும் அசைக்கவில்லை. பார்ப்பதாலேயே பரிவு வந்துவிடும், பரிவு வந்தால் பாதுகாப்பும் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ரந்தாவ் அபாங் கடுமையான மறுப்பு.

கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரையில் உள்ள ஓஸ்தியோனல், ஒடிசாவைப் போலப் பங்குனி ஆமைகள் பெருந்திரளாக ஏறும் இடம். 2015 செப்டம்பரில் ஒரு வார இறுதியில் அங்கே நூற்றுக்கணக்கான பயணிகள் கட்டுப்பாடின்றிக் கரைக்குள் புகுந்தார்கள். மழை குறைந்து ஆற்றைக் கடப்பது எளிதாக இருந்ததால் காவலில்லாத வழிகளிலும் நுழைய முடிந்தது. ஆமைகளுக்குக் குறுக்கே நின்றார்கள். குழந்தைகளை ஓட்டின்மேல் உட்கார வைத்துப் படமெடுத்தார்கள். பல ஆமைகள் முட்டையிடாமல் திரும்பின. அந்தப் படங்கள் உலகெங்கும் பரவி, அரசு கட்டுப்பாடுகளை இறுக்க நேர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆமைகளுக்குத் தீங்கு நினைத்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். ஆவலோடு வந்த நல்லவர்களின் கூட்டமே ஒரு கரையை ஆமைகளுக்கு அடைத்துவிட முடியும் என்பதால்தான் இந்த நிகழ்ச்சியை ஒவ்வொரு பயணியும் அறிந்திருக்க வேண்டும்.

காவலர் சொல் செல்லும் கரைகள்

அதே கோஸ்டா ரிக்காவின் கரீபியன் கரையில் உள்ள தோர்துகேரோ எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1950களில் அங்கே பேராமைகளை ஆராயத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஆமை இறைச்சியும் முட்டையும் அந்த ஊரின் வருமானம். 1975இல் அது தேசியப் பூங்காவானது. பின்னர் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி அளித்து, உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே இரவில் கரைக்குப் போகலாம் என்று விதித்தார்கள். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேர், குறித்த நேரம், அடர்நிற உடை, கேமராவுக்குத் தடை. ஆமை எங்கே ஏறியிருக்கிறது, முட்டையிடத் தொடங்கிவிட்டதா என்பதைப் பயிற்சி பெற்றவர்கள் முன்னே போய்ப் பார்த்துச் சொல்லும்வரை பயணிகள் கரைக்குப் பின்னால் காத்திருப்பார்கள். 1970களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை அங்கே பேராமைக் கூடுகள் பலமடங்கு பெருகின. வேட்டைத் தடை, ஆராய்ச்சி, பூங்கா ஆகியவற்றோடு, உயிருள்ள ஆமையால் ஊருக்குக் கிடைத்த வருமானமும் அதில் பங்காற்றியது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மோன் ரெபோஸ் கரைக்குப் பெருந்தலை ஆமைகளைக் காண வருபவர்கள், வனக்காவலர் அழைக்கும்வரை மையத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழைப்பு வராமல் திரும்புவதும் உண்டு. அதை யாரும் ஏமாற்றம் என்று சண்டை போடுவதில்லை. காத்திருப்பதும் சேர்ந்ததுதான் அந்த அனுபவம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் சீட்டுக் கொடுக்கிறார்கள்.

நமக்கு அருகில், இலங்கையின் தென்கரையில் தங்காலைக்குப் பக்கத்திலுள்ள ரேக்காவ கரையில் 1990களில் ஒரு முயற்சி தொடங்கியது. முட்டை தோண்டி விற்றுப் பிழைத்தவர்களையே சம்பளம் கொடுத்துக் கூட்டுக் காவலர்களாக அமர்த்தினார்கள். முட்டைகளை இடம்மாற்றாமல் இட்ட இடத்திலேயே காத்தார்கள். ஆமை பார்க்க வரும் பயணிகள் கொடுக்கும் கட்டணம் அதற்கு உதவியது. 2006இல் அந்தக் கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் வேளாஸ் என்ற சிற்றூரில், சஹ்யாத்ரி நிசர்க மித்ரா அமைப்பு 2002இல் ஊராரோடு சேர்ந்து கூடுகளைக் காக்கத் தொடங்கியது. குஞ்சு பொரியும் காலத்தில் வரும் பயணிகள் அங்கே ஊர்க்காரர்களின் வீடுகளிலேயே தங்கிச் சாப்பிடுகிறார்கள். பணம் ஊருக்குள்ளேயே நிற்கிறது.

இந்த நான்கு இடங்களும் செல்வத்திலும் சட்டத்திலும் பழக்கத்திலும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பவை. ஆனால் பயணி எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் அந்தக் கரையில் இரவெல்லாம் கண்விழிப்பவரிடம் இருக்கிறது. இதுவே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

சென்னையின் அரை நூற்றாண்டு

இந்தியாவின் கடலாமைப் பாதுகாப்பு வரலாற்றில் சென்னைக் கரைக்குத் தனி இடம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த நண்பர்களும் இரவில் கரையோரமாக நடந்து, திருட்டுக்கு முன்பே முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் பொரிக்க வைத்தார்கள். அந்தக் குழுவோடு தொடர்புடைய சதீஷ் பாஸ்கர் பிறகு இந்தியக் கரைகளையும் லட்சத்தீவு, அந்தமான் தீவுகளையும் தனியாளாக நடந்து ஆமைகளின் முட்டையிடு தலங்களைப் பதிவுசெய்தார். 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றுவரை அந்த நடையைத் தொடர்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் பின்னாளில் நாட்டின் முன்னணிக் கடலாமை ஆய்வாளரானார்.

பருவ மாதங்களில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் இந்த நடையில் சேரலாம். நீலாங்கரையில் நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி, பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்து விடியலுக்கு முன் முடிகிறது. முதலில் நீண்ட விளக்கம், பிறகு நடை. குழுவினர் முன்னே போகிறார்கள். கைவிளக்கு அவர்கள் கையில் மட்டும். தடம் தென்பட்டால் கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளைக் கவனமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஆமையையே காணாமல் முடியும் நடைகள் பல. அப்படி முடிந்த நடைகளிலும் வந்தவர்கள் கரையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள்: விளக்குகள் எங்கே எரிகின்றன, நாய்கள் எங்கே திரிகின்றன, கரை எங்கே அரிக்கப்படுகிறது, இறந்த ஆமைகள் எங்கே ஒதுங்குகின்றன. பயணிக்கு ஆமையைக் காட்டுவதைவிடக் கரையைக் காட்டுவது பெரிய கல்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன், மீனவ ஊர்களின் இளைஞர்களையே கடலாமைக் காவலர்களாகப் பயிற்றுவித்தது. முட்டையிடும் கரை மீனவர் குப்பத்தின் முன்வாசலாக இருக்கும்போது, அந்தக் குப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது. பயணியும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். படகும் வலையும் கிடக்கும் இடத்தில் நாம் விருந்தாளிகள்.

பொரிப்பகம்: தேவையும் ஐயமும்

தமிழகத்தில் பெரும்பாலான பயணிகள் ஆமைகளைச் சந்திப்பது, வனத்துறையும் தன்னார்வலரும் நடத்தும் பொரிப்பகங்களில் குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில்தான். முட்டையை இட்ட இடத்திலிருந்து எடுக்காமல் இருப்பதே சிறந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. எடுத்து நடும்போது கருவுக்குச் சேதம் நேரலாம். ஒரே இடத்தில் நெருக்கிப் புதைத்தால் வெப்பநிலை மாறிப் பாலின விகிதம் குலையலாம். ஆயினும் நாய்களும் விளக்குகளும் மனிதக் காலடிகளும் நிறைந்த சென்னை போன்ற கரையில் கூட்டை அப்படியே விட்டால் பெரும்பாலானவை தப்பா. இங்கே பொரிப்பகம் தவிர்க்க முடியாத ஏற்பாடு. மேலே கூரை வேய்ந்து நிழல் தருவதும், முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் மறுபடி புதைப்பதும் அதன் குறைகளைக் குறைக்கும் வழிகள்.

ஆனால் எல்லாப் பொரிப்பகங்களும் ஒரே தரம் அல்ல. இலங்கையின் கோஸ்கொட முதலான கரைகளில் தனியார் நடத்தும் பல பொரிப்பகங்கள், பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டிகளில் வைத்திருக்கின்றன. கையில் எடுத்துப் படமெடுக்கவும் விடுகின்றன. பொரிந்த குஞ்சின் முதல் நாள் ஓட்டத்துக்கான ஆற்றல் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி நீந்துவதில் தீர்ந்துபோகிறது. மலேசியாவில் பேராமைக் குஞ்சுகளை வைத்து நடத்தி 2001இல் வெளியான ஆய்வு, பொரிப்பகத்தில் தாமதிக்கப்பட்ட குஞ்சுகள் சில மணி நேரத்திலேயே நீந்தும் வேகத்தை இழப்பதைக் காட்டியது. பட்டப்பகலில் வெயிலில் குஞ்சுகளை விட்டால் சூடும் காக்கையும் பருந்தும் காத்திருக்கின்றன.

ஆகவே பயணி ஒரு பொரிப்பகத்தை மதிப்பிட எளிய அளவுகோல் உண்டு. குஞ்சுகள் பொரிந்தவுடன், இருளிலோ மங்கிய வேளையிலோ விடப்படுகின்றனவா? தொட்டிகள் இல்லையா? யாரும் கையில் எடுக்காமல், குஞ்சுகள் தாமாக மணலில் ஓடி அலையைத் தொட விடுகிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அங்கே போகலாம். பணம் வாங்கிக்கொண்டு குஞ்சை உள்ளங்கையில் வைக்கிற இடத்துக்குப் போகாமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

விளக்கு

பயணியின் தீங்குகளில் மிகப் பெரியது, பயணி தூங்கிக்கொண்டிருக்கும்போது நடக்கிறது. கடலைப் பார்த்த அறையின் பால்கனி விளக்கு, நீச்சல் குளத்தைச் சுற்றிய வெள்ளை விளக்குகள், தோட்டத்தில் தென்னையைக் கீழிருந்து ஒளியூட்டும் விளக்கு ஆகிய எல்லாம் குஞ்சுகளுக்குக் கடல் இருக்கும் திசையை மறைத்துவிடுகின்றன. அவை சாலையை நோக்கி ஓடி, வண்டியில் நசுங்கியோ நாயிடம் சிக்கியோ காலையில் வெயிலில் காய்ந்தோ சாகின்றன. வெளிச்சமான கரையைத் தாய் ஆமைகளும் தவிர்க்கின்றன.

கடலாமையின் கண் நீலம், பச்சை ஒளிக்கு மிகவும் கூர்மையானது. நீண்ட அலைநீளமுள்ள அம்பர், சிவப்பு ஒளி அதை அவ்வளவாகத் திசைதிருப்புவதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் கடற்கரை நகரங்கள் பல இதைச் சட்டமாக்கியுள்ளன. பருவ மாதங்களில் கரையை நோக்கிய விளக்குகள் தாழ்வாகவும், மறைப்புடனும், அம்பர் நிறத்திலும் இருக்க வேண்டும். இரவில் கரையில் நாற்காலி, கூடாரம் விட்டுவைக்கக் கூடாது. பகலில் தோண்டிய குழிகளை மாலையில் மூட வேண்டும். மணற்கோட்டை கட்டித் தோண்டிய பள்ளத்தில் விழுந்த குஞ்சால் ஏற முடியாது. சென்னைக் கரைகளிலும் பருவ மாதங்களில் பின்னிரவில் உயர்கோபுர விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. தனியார் விடுதிகளும் கடலோர வீடுகளும் இதே ஒழுங்குக்குள் இன்னும் வரவில்லை. முட்டையிடு கரைகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பாதுகாப்பை ஒரு வெள்ளைக் குமிழ் விளக்கு இரவோடிரவாகச் செல்லாததாக்கிவிடுகிறது.

கடலுக்குள் நடக்கும் சாவு

2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் வடக்கு, தெற்குக் கரைகளிலும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடியில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகிறது. கரையை அண்டி 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது என்பது தமிழக விதி. முட்டையிட வரும் ஆமைகள் திரள்வதும் அந்த எல்லைக்குள்தான். மடியில் ஆமை தப்பிப்பதற்கான திறப்புச் சாதனத்தைப் பொருத்தினால் பெரும்பாலான ஆமைகள் தப்பிக்கும். அதைச் சரிவரப் பயன்படுத்தாததைக் காரணம் காட்டித்தான் கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா வாங்க மறுத்தது.

இதில் மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமில்லை. திறப்புச் சாதனம் வழியாகக் கொஞ்சம் மீனும் இறாலும் நழுவும் என்ற கவலை அவர்களுக்கு உண்டு. கடன் சுமையோடு கடலுக்குப் போகிறவருக்கு அது சின்னக் கவலை இல்லை. சாதனத்துக்கு மானியமும், பருவ மாதங்களில் ஏற்படும் இழப்புக்கு ஈடும், விதியை மீறும் பெரிய படகுகள்மீது உண்மையான கண்காணிப்பும் சேர்ந்து வந்தால்தான் மாற்றம் வரும். அதற்குக் குரல் கொடுக்கும் கடமை, விடுமுறைக்கு வந்து இறால் வறுவல் கேட்கிற நம் எல்லோருக்கும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடற்கரை உணவகத்தில் இழுவை மடி இறாலைத் தவிர்த்து, தூண்டிலில் பிடித்த மீனைக் கேட்டு வாங்குவது எவருக்கும் முடிகிற காரியம்.

பார்க்காமலே இருந்துவிடலாமா?

இத்தனையும் படித்தபின், கரைப் பக்கமே போகாமல் இருப்பது மேல் என்று தோன்றலாம். அந்த வாதத்தில் நேர்மை இருக்கிறது. ஆனால் மனிதர் விலகிவிட்ட கரை ஆமைகளுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவதில்லை. துறைமுகமும், அலைதடுப்புச் சுவரும், கட்டுமானமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் கரை கடலுக்குப் போனதும் எல்லோரும் அறிந்தது. ஒரு கரை அழியும்போது அதற்காகப் பேச, அதை இரவில் நடந்து அறிந்தவர்கள் வேண்டும். அரை நூற்றாண்டாகச் சென்னையில் அந்தக் குரல் அணையாமல் இருப்பதற்கு, நடையில் கலந்துகொண்டு வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் ஒரு காரணம்.

நடை அமைப்பவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. செய்தி பரவப் பரவக் கூட்டம் பெருகுகிறது. கூட்டம் பெருகினால் காவலே தொந்தரவாகிவிடும். பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற தோர்துகேரோ அளவை நம் கரைகளும் ஏற்க வேண்டும். இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் அதைப் பயணி மரியாதையோடு ஏற்க வேண்டும்.

பயணி செய்ய வேண்டியவை

இரவில் தானாக ஆமை தேடிப் போகக் கூடாது. வனத்துறையோ அங்கீகாரம் பெற்ற தன்னார்வக் குழுவோ நடத்தும் நடையில் மட்டும் சேர வேண்டும். அடர்நிற உடை, செருப்பு, தண்ணீர் போதும். கைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அதன் திரையே இருளில் ஒரு விளக்கு. தற்செயலாக ஆமை எதிர்ப்பட்டால் அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்கி, வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். கூட்டின் இடம் தெரியும்படி படத்தை இணையத்தில் போடுவது முட்டைத் திருடருக்கு வழிகாட்டுவதாகும். கடலாமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதைப் பிடிப்பதும், துன்புறுத்துவதும், முட்டையை எடுப்பதும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பகலில் கரையில் தோண்டிய குழிகளை மூடிவிட்டு எழ வேண்டும். தின்ற மிச்சத்தை மணலில் விடக் கூடாது. அதைத் தேடி வரும் நாய்களும் காக்கைகளும் பிறகு கூட்டையும் குஞ்சையும் தேடும். குழந்தைகள் பாசத்தோடு நாய்க்குப் போடும் பிஸ்கட்டும் இதில் சேரும். மணல்மேட்டின் மேல் வண்டி ஓட்டுவதும், கரையில் தீமூட்டுவதும், பட்டாசு வெடிப்பதும், ஒலிபெருக்கி வைப்பதும் பருவ மாதங்களில் இல்லவே இல்லை என்று குடும்பத்துக்குள் முடிவெடுத்துக்கொள்ளலாம். அறைக்குத் திரும்பியதும் கடல் பக்கத் திரையை இழுத்து, பால்கனி விளக்கை அணைக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், அறை பதிவுசெய்யும்போதே விடுதியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஜனவரி முதல் மே வரை கடலை நோக்கிய விளக்குகளை இரவில் அணைக்கிறீர்களா? மணல்மேட்டையும் அடும்புக் கொடியையும் அப்படியே விட்டிருக்கிறீர்களா? ஆமை நடைக்கு எங்களை யாரிடம் அனுப்புவீர்கள்? முதல் ஆண்டு பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள். நூறு பேர் கேட்டால் மேலாளர் உரிமையாளரிடம் சொல்வார். ஆயிரம் பேர் கேட்டால் விளக்கு மாறும், ஏனென்றால் அது அவர்களுக்கு வியாபாரம். அரசாணைக்காகக் காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடிய வேலை இது. அதைச் செய்யும் அதிகாரம் அறைக்குப் பணம் கொடுக்கிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.